சின்ன அறைக் கதவு

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு ஆனா சார் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆனா..." என்று இழுப்பார். அதற்குப் பிறகு சொன்னவர் பாடு திண்டாட்டம்தான். "எழுத்துலயே முதல் எழுத்து ஆனாதானே, அதான் சார் எதையும் அங்கிருந்து ஆரம்பிக்கிறாரு" என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

தேநீர் இடைவேளையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அடி வாங்குவதற்கென்றே வருகிறவர்கள். "புது வண்டி வந்ததுலேர்ந்து ஒரே விபத்தா இருக்கு சார், ராசியில்லாத வண்டி" என்பான் ஒரு சுமை தூக்குபவன். "காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு, சரி. ஆனா காக்கா உக்காராத நாள்ல எத்தனை பழம் விழுந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?" என்பார். "எங்கப்பா எம்பது வயசு வரைக்கும் ஊதித் தள்ளினாரு, ஒண்ணும் ஆகலையே" என்பான் இன்னொருவன். "ஊதி நாப்பதுல போனவன் வந்து உங்கிட்ட சாட்சி சொல்ல முடியாதேப்பா. பேசறவங்க எல்லாம் மிஞ்சினவங்க."

அவர் அங்கே ஷிப்ட் கண்காணிப்பாளர். சட்டம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையால் பாதியில் விட்டவர். ஒரு பேச்சைக் கையில் எடுத்தால், அது எதன் மேல் நிற்கிறது, நிற்கிற கால் உறுதியா, கால் உறுதியாக இருந்தாலும் அது இந்தப் பேச்சுக்கான கால்தானா என்று தட்டிப் பார்க்காமல் அவரால் கீழே வைக்க முடியாது. வீட்டிலும் அதே கதைதான். "உங்ககிட்ட பேசறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம். சுவரு திருப்பிக் கேக்காது" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மனைவியின் தம்பிதான் பிள்ளை மாதிரி. அப்பா இறந்தபோது அவன் தவழ்கிற குழந்தை. அம்மா வேலைக்குப் போக, அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வளர்ந்து எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்ததும் ஆனா சார்தான் கிடங்கில் சேர்த்துவிட்டார். கூச்ச சுபாவம். பெரியவர்கள் எதிரே நின்றால் குரல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். அவனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிடங்கில் பாட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். பெட்டிகளை அடுக்குவது அவர் வேலை. கம்பளிக் குல்லாய், தடித்த கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உறைபனி அறைக்குள் போனால், வெளியே வரும்வரை பழைய பாட்டாகப் பாடிக்கொண்டே இருப்பார். வாயிலிருந்து புகை புகையாகப் பாட்டு வரும். கட்டுமஸ்தான உடம்பு. குடிப்பழக்கம் கிடையாது.

அவர் ஒருநாள் காலை பின்பக்கத்துச் சின்ன உறைபனி அறைக்குள் இறந்து கிடந்தார்.

முந்தைய நாள் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில், ஏறுமாறாக அடுக்கிய பெட்டிகளைச் சரிசெய்ய உள்ளே போயிருக்கிறார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. வாசல் காவலாளி வண்டி நிறுத்துமிடத்தை எட்டிப் பார்த்தார். பாட்டுக்காரரின் பைக் இல்லை. கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். பைக் ரிப்பேருக்குப் போயிருந்தது அவருக்குத் தெரியாது. "வண்டி இல்ல, அதனால ஆள் இல்லன்னு நினைச்சுட்டேனே" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை எல்லோரும் பார்த்தார்கள். பாட்டுக்காரரின் மனைவி, ஓவர்டைம் பார்க்கிறார் என்று நினைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். சின்ன அறையில் அபாயமணி கிடையாது. இரும்புச் சுவருக்குள் செல்போனும் எடுக்காது.

வெளியே வர ஒரே வழி, கதவின் உட்பக்கத்தில் இருந்த பச்சைக் குமிழ். அதை அழுத்தினால் வெளித் தாழ்ப்பாள் விடுபட்டுக் கதவு திறக்க வேண்டும். அன்று பிற்பகல் அதிகாரிகள் முன்னால் அதைச் சோதித்தார்கள். ஒரு விரலால் அழுத்தினார்கள். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது.

அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மேனேஜர், கம்பெனி வக்கீல், தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவர். அந்த ஒருவராக ஆனா சாரைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள். "நம்மள ஏமாத்தலாம், அவரை ஏமாத்த முடியாது" என்றார்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், கடைசிவரை நின்று வந்தவர். அவர் மெதுவான குரலில் சொன்னார்: "எனக்கும் சொல்ல வாய் வரல. ஆனா கதவு நல்லா வேலை செய்யுது. அவரு பலசாலி. குடிச்சிருக்கல, மயக்கமும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. திறக்க முடிஞ்சவரு திறக்கல. அப்படின்னா, திறக்க விரும்பலன்னுதானே அர்த்தம்?"

வக்கீல் மீதியைச் சேர்த்தார். "அன்னிக்கு முழுக்க அவரு பாடவே இல்லன்னு கூட வேலை பாத்தவங்க சொல்றாங்க. என்னிக்கும் பாடற மனுஷன். வீட்டுல ஏதோ சண்டைன்னும் பேச்சு இருக்கு. நெருப்பில்லாம புகையுமா?"

ஆனா சார் கண்ணாடியைக் கழற்றினார். "புகையும் சார். நம்ம அறைக் கதவைத் திறந்து பாருங்க. புகையா கொட்டும். உள்ளே நெருப்பா இருக்கு?"

வக்கீல் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"அவர் பாடலைங்கறது உண்மை" என்று தொடர்ந்தார் ஆனா சார். "ஆனா ஏன் பாடலன்னு அவங்க வீட்டுல யாராவது கேட்டீங்களா? நான் கேட்டேன். முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்காரு. வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு யாரு பாடுவா? புருஷன் பெண்டாட்டி சண்டைங்கறீங்க. இந்த மூணு பேர்ல போன வாரம் வீட்டுல சண்டை போடாதவங்க கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். மிச்சம் இருக்கறது கதவு ஒண்ணுதான். அதை எப்போ சோதிச்சீங்க? அவரைத் தூக்கிட்டு வந்ததுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அது திறந்தே கிடந்துச்சு. ஓரத்துப் பனியெல்லாம் உருகித் தண்ணியா ஓடிச்சு. திறந்து கிடந்த கதவைத்தான் சோதிச்சிருக்கீங்க. அவரு தள்ளினது மூடிக் கிடந்த கதவை."

மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. நீங்க சொல்றது நியாயம்தான். ராத்திரி முழுக்க மூடி வெச்சு நாளைக்கு சோதிப்போம். அப்பவும் திறந்துச்சுன்னா ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கறேன்" என்றார் ஆனா சார். அறையை விட்டு வெளியே வந்தபோது நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. ஒரு மனிதனின் சாவைப் பற்றிப் பேசிவிட்டு இப்படி நடக்கிறோமே என்று அவருக்கே கூச்சமாகி, நடையை மட்டுப்படுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கும் கதவு திறந்துடும் மாமா" என்றான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

காபியில் ஆடை படிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு பேசினான். அந்தக் கதவின் சட்டத்துக்குள் ஒரு சூட்டுக் கம்பி ஓடுகிறது. கதவின் ரப்பர் ஓரம் பனியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது எந்நேரமும் இளஞ்சூடாக இருக்க வேண்டும். கரண்ட் செலவு ஏறிப்போச்சு என்று மேலிடம் எல்லோரையும் நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில், மேனேஜர் அவனை நடைபாதையில் நிறுத்தி, 'அந்தச் சின்ன ரூமுக்கு எதுக்குப்பா ஹீட்டர், ஃபியூஸைக் கழட்டி விடு' என்றிருக்கிறார். கழற்றிவிட்டான். அதிலிருந்து கதவு அவ்வப்போது இறுக்கிக்கொள்ளும். குளிர் அறைக் கதவென்றால் அப்படித்தான் என்று எல்லோரும் இழுத்துத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"அவரைத் தூக்கிட்டு வரும்போது நான் அங்கதான் நின்னேன். கையுறையைக் கழட்டிட்டிருந்தாரு. விரலெல்லாம் விறைச்சு..." அவன் காபியைக் கீழே வைத்தான். "நேரா போர்டுகிட்ட போயி ஃபியூஸைத் திரும்ப மாட்டிட்டேன். ஏன் மாட்டினேன்னு இப்பவும் தெரியல மாமா."

சமையலறைக் கதவருகே நின்றிருந்த அக்கா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆனா சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக் காலையில் குமிழை அழுத்துவார்கள். திறக்கும். ஒத்துக்கொள்கிறேன் என்று அவரே வாக்குக் கொடுத்திருக்கிறார். பாட்டுக்காரர் தானாகச் செத்தவர் ஆகிவிடுவார். அவருடைய மனைவி இனி தெருவில் நடக்கும்போதெல்லாம், அப்படி என்ன கொடுமை செய்தாளோ என்று ஒரு பார்வை அவள் முதுகில் ஒட்டிக்கொண்டே வரும்.

"நீயே போய் சொல்லிடு மாப்ள" என்றார்.

"என்ன பேசறீங்க?" என்றாள் மனைவி. "செத்தவரு திரும்பி வரப் போறாரா?"

"வரப்போறதில்ல. அதனால அவரைப் பத்தி என்ன வேணா சொல்லிடலாமா?"

"உங்க வாதத்தையெல்லாம் கிடங்கோட வெச்சுக்குங்க. இவன் என் தம்பி."

"அதுக்குத்தான் சொல்றேன். இவன் தானாவா கழட்டினான்? மேல இருக்கறவர் கழட்டச் சொன்னாரு. சொன்னவர் மேலதான் பொறுப்பு. அது முழுசா வெளிய வந்தா இவனுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு வேற யார் வாயிலேர்ந்தாவது பாதியா வந்தாத்தான் ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் இப்ப சொல்றதுதான் இவனுக்கு நல்லது."

அவர் பேச்சுக்கு அவளால் எப்போதுமே பதில் சொல்ல முடிந்ததில்லை.

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். "நிச்சயமா மாமா?"

"நிச்சயமா" என்றார் அவர்.

மறுநாள் அவன் குழுவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். குரல் எழும்பாமல் இரண்டு முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். வக்கீல் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ ஃபியூஸைக் கழட்டிட்டு மூடி வெச்சுப் பாத்துடலாம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் சோதனை. உள்ளே யார் போவது என்ற கேள்வி வந்தபோது ஆனா சார் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பலபேராகச் சேர்ந்து வெளியிலிருந்து கதவைப் பிடுங்கித் திறந்தார்கள். அவர் உள்ளே போனதும் மறுபடி மூடினார்கள். பாட்டுக்காரர் இருந்திருக்கக்கூடிய அளவு நேரம் பெட்டிகளுக்கிடையே நின்றார். மூக்கு நுனியில் உணர்ச்சி போனது. கண்ணிமைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. பிறகு வந்து குமிழை அழுத்தினார்.

'டக்' என்று தாழ்ப்பாள் விடுபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கதவு அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே 'டக்'. திறந்துவிட்டேன் என்று கதவே சொல்கிறது. தோளால் மோதினார். உறைந்த தரையில் கால் வழுக்கியது. வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு நொடியில் இழுத்துவிடுவார்கள் என்று அறிவுக்குத் தெரிந்தது. உடம்பு அதைக் கேட்கவில்லை. கையால் அறைந்தார், காலால் உதைத்தார். தன் வாயிலிருந்து ஏதோ சத்தம் வருவதையும் கேட்டார்.

அவர்கள் கதவை இழுத்துத் திறந்தபோது வெளியே நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. தலையணையைக் குத்துவது மாதிரிதான் வெளியே கேட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். காவலாளி சுவரோரம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். மேனேஜரின் கண்களும் கலங்கியிருந்தன. அது நடிப்பென்று ஆனா சார் அன்றும் நினைக்கவில்லை, பிறகும் நினைக்கவில்லை.

"இது தற்கொலை இல்ல" என்றார் வக்கீல், எல்லோரும் மறுபடி அறையில் உட்கார்ந்ததும். "அதுல இனிமே சந்தேகமே இல்ல. இப்போ இருக்கற கேள்வி ஒண்ணுதான். ஃபியூஸை யாரு கழட்டினது?"

"கழட்டச் சொன்னது யாருன்னு கேளுங்க" என்றார் ஆனா சார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கரண்டைச் சிக்கனமா செலவு பண்ணுங்கன்னு நான் எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். பாதுகாப்புக்கு இருக்கறதைக் கழட்டுன்னு நான் சொல்வேனா? எனக்கென்ன பைத்தியமா?"

"நடைபாதையில வெச்சு சொன்னீங்க சார்" என்றான் மைத்துனன்.

"எழுத்துல இருக்கா?" என்றார் வக்கீல்.

"வாயாலதான் சொன்னாரு."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இல்ல."

"சரி, உன் பேர்ல தப்பில்லன்னா, காலையில யாருக்கும் தெரியாம ஏன் திரும்ப மாட்டினே?"

அவன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"பயந்துட்டான் சார்" என்றார் ஆனா சார். "பயந்தவனெல்லாம் குத்தவாளின்னா உலகத்துல யாரு மிஞ்சுவா? எழுத்துல இல்லாததெல்லாம் நடக்காததா? இப்போ டீ கொண்டு வரச் சொன்னீங்களே, அது எழுத்துலயா இருக்கு? டீ வரலையா?"

"அப்போ எழுத்துல இல்லாததெல்லாம் நடந்ததுன்னு எடுத்துக்கலாமா?" என்று வக்கீல் கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. "நாளைக்கு ஒருத்தன் வந்து, நீங்கதான் கழட்டச் சொன்னீங்கன்னு வாயால சொன்னா, அதையும் நாங்க ஏத்துக்கணுமே?"

ஆனா சாரின் கை கண்ணாடிக்குப் போனது. துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இன்னொரு விஷயம்" என்றார் வக்கீல் தயக்கத்துடன். "இந்தப் பையன் உங்களுக்கு மச்சினன் இல்லையா?"

சொன்னவன் யாருக்கு உறவு என்பதால் சொன்ன விஷயம் பொய்யாகிவிடாது. அதை அவர் நூறு முறை தேநீர் மேசையில் மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறார். இப்போதும் விளக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் சரியாகத்தான் இருந்தது. பேசப் பேச அறையில் இருந்த ஒவ்வொருவரின் முகமும் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவன் வேலை போயிற்று. அடுத்த நாள் போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது. அஜாக்கிரதையால் ஓர் உயிர் போகக் காரணமானவன் என்று வழக்கு. அதோடு, ஃபியூஸைத் திரும்ப மாட்டியதால் தடயத்தை மறைத்தவன் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

உண்மை வெளியே வந்தால் நியாயம் கிடைக்கும் என்பதுதான் அவனிடம் அவர் சொன்னதற்கெல்லாம் அடியில் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர் அந்த ஒன்றை மட்டும் தட்டிப் பார்க்கவே இல்லை. அது அவருக்குத் தரையாக இருந்தது. தரையை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

மனைவி அழவில்லை. பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள், போக வேண்டும் என்றாள்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் வீட்டுல இருந்திருப்பான்."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வாயை மூடியிருந்தால் இன்னொருத்தி வாழ்க்கை முழுக்கத் தலைகுனிந்திருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொன்னவர் மேனேஜர் என்று சொல்லியிருக்கலாம். அவள் சேலையை மடிக்கும்போது விளிம்புகள் பொருந்தாமல் மறுபடி மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா நின்றார்.

அப்போதுதான் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பாட்டுக்காரரின் மனைவி. உள்ளே வந்ததும் ஆனா சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மனைவிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க மாமியாரே என்கூடப் பேசறதை நிறுத்திட்டாங்கக்கா" என்றாள் அவள் மனைவியிடம். "என் பொண்ணு கேட்டா, 'அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலையாம்மா'ன்னு. உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல." தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். "அந்த ஃபியூஸைப் பிடுங்கினவன் இருக்கானே, அவன் நல்லாவே இருக்க மாட்டான். எங்க வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடாது."

ஆனா சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவன் என் தம்பி" என்றாள்.

திறந்த பெட்டியைப் பாட்டுக்காரரின் மனைவி அப்போதுதான் பார்த்தாள். எழுந்தாள். போகப் போகிறாள் என்று ஆனா சார் நினைத்தார். அவள் தம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"அவருக்குக் கொழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்பத்தான் பொண்ணு பாத்துட்டிருந்தோம்."

"ம்" என்றாள். சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை சொல்லவும் இல்லை. வாசல் வரை போனவள் திரும்பி, "எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

மைத்துனனுக்கு ஜாமீன் கிடைக்க மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மனைவி திரும்பி வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனா சார் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். சின்ன அறைக்கு இப்போது அபாயமணி வைத்துவிட்டார்கள். மேனேஜர் பெரிய கிளைக்கு மாற்றலாகிப் போனார். போகும் முன் கை குலுக்கி, "உங்களை மாதிரி நேர்மையானவங்க கிடைக்கறது கஷ்டம்" என்றார். தேநீர் மேசையில் ஆனா சாரைச் சுற்றி இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். ஆனால் எதையும் சொல்லி அவரைச் சீண்டுவதை விட்டிருந்தார்கள். விலைவாசியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அவர் மைத்துனனைப் பார்க்கப் போனார். மாமியார் வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, பழுதான மின்விசிறிகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் அவன் சரிசெய்துகொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாமியார் அவரைப் பார்த்ததும், "வாங்க" என்று ஒரே சொல்லோடு உள்ளே போய்விட்டார்.

அவர் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். "நான் நிச்சயமான்னு சொல்லியிருக்கக் கூடாது மாப்ள. எனக்கு நிச்சயமா தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உன்னை நான்தான் கொண்டு போய் நிறுத்தினேன்."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "நீங்க சொன்னதாலதான் நான் பேசினேன்னா நினைச்சீங்க?"

அவர் விழித்தார்.

"நீங்க சொன்னதுல பாதி எனக்கு அன்னிக்குப் புரியவே இல்ல மாமா. என்னால தூங்க முடியல. கண்ணை மூடினா அவரு விரல்தான் தெரிஞ்சுது. எப்படியும் சொல்லியிருப்பேன். உங்ககிட்ட வந்ததே, யார்கிட்டயாவது முதல்ல சொல்லிப் பாக்கலாம்னுதான்."

"கழட்டச் சொன்னது அவருதானேப்பா."

"சொன்னா, கழட்டிடறதா? எலக்ட்ரீஷியன் நானா, அவரா? அந்தக் கம்பி எதுக்குன்னு எனக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாது." அவன் குரல் உயரவில்லை. முன்னைப் போல் தொண்டைக்குள் தங்கவும் இல்லை. "அவரு பொய் சொன்னாரு. அது அவரோட பாவம். ஆனா போலீஸ் என்னைப் பத்தி எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

ஆனா சார் அந்தப் பேச்சை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதன் கால்கள் எல்லாம் தரையில் ஊன்றியிருந்தன. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வாசலில் ஒரு பெண் வந்து நின்று, கொடுத்திருந்த இஸ்திரிப் பெட்டியைக் கேட்டாள். அவன் அதை எடுத்து மின்இணைப்பில் சொருகி, சோதனை விளக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு வயரைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்தான்.

"நாளைக்கு வாங்க அக்கா. இன்னொரு தடவை பாத்துட்டுத் தரேன்."

"நேத்தும் இதையேதானே சொன்னே? நல்லாத்தானே சூடாவுது, கொடு."

"இல்லக்கா. நாளைக்கு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். "எல்லாரையும் இப்படித்தான் திருப்பி அனுப்பறான். அப்புறம் யாரு வருவா?" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. மைத்துனன் அடுத்த பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான். ஆனா சார் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எப்படி இருக்கான்?"

"வேலை பாத்துக்கிட்டிருக்கான்."

"சாப்பிட்டானா?"

அதைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. "தெரியல" என்றார்.

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவர் வெளியே நின்று, கொடியில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.